கூட்டல் குறி போட்ட பாட்டில்

மார்க்கர் மை ஸ்பிரிட் பட்டால் போய்விடும் என்பது தேவிப்ரியாவுக்குத் தெரியாத சங்கதி அல்ல. லேபில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஆனாலும் ஆயுதபூஜைக்கு முந்தின நாள் பகலில், ஒரு கையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சும் இன்னொரு கையில் ஃபெமினாவின் பாட்டிலுமாக நின்றபோது அவள் மனசு வாழைக்கன்றிலும் பொரிகடலையிலும்தான் இருந்தது. அன்றைக்கு அந்த லேபில் யார் மனசுதான் வேலையில் இருந்தது?

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகிற ரோட்டில், கீரனூருக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கி, கருவேலங்காட்டுக்கு நடுவே போகிற தார் ரோட்டில் நடந்தால் அந்த ஆராய்ச்சி நிலையம் வரும். ஒரு டிரஸ்ட் நடத்துவது. அதன் தலைவர் டாக்டர் உதயசூரியன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். ஆயுதபூஜை என்று வந்துவிட்டால் மட்டும் லேத் பட்டறை முதலாளி ஆகிவிடுவார். மைக்ரோஸ்கோப்புக்கு மாலை, ஃப்ரிட்ஜுக்குச் சந்தனம், இன்குபேட்டர் கதவில் திருநீற்றுப் பட்டை. "உள்ள வெளிய ஒரு பொட்டுத் தூசி இருக்கப்படாது. சாமி கும்புடுற சாமான்" என்று காலையிலிருந்து நாலு தடவை வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இன்குபேட்டர் என்பது உயிரணுக்களை உடம்புச் சூட்டிலேயே வைத்து வளர்க்கிற பெட்டி. அதன் நடுத்தட்டு ஃபெமினாவுடையது. ஃபெமினா ஆவூர்க்காரி, மரிய அந்தோணி வாத்தியாரின் மகள், பிஎச்.டி. மாணவி. தேவிப்ரியா விராலிமலைக்காரி, அங்கே ஒப்பந்த வேலையில் இருக்கும் உதவியாள். கீரனூரில் ஒரே அறையை எடுத்து இரண்டு பேரும் தங்கியிருந்தார்கள். ஒருத்தி சுடிதாரை இன்னொருத்தி போட்டுக்கொள்வாள். ஒருத்தி குழம்பை இன்னொருத்தி குறை சொல்லிக்கொண்டே வழித்துச் சாப்பிடுவாள். அண்ணன் ஆண்ட்ரூஸ் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறான் என்று ஃபெமினா ஊருக்குக் கிளம்பியபோது, "என் புள்ளைகளப் பாத்துக்கடி" என்று சொன்னது இந்த நடுத்தட்டைத்தான்.

பிள்ளைகள் என்பது இரண்டு தட்டைப் பாட்டில்கள். இரண்டிலும் ஒரே இன உயிரணுக்கள். ஒன்றுக்குள் மட்டும் ஒரு புது ஜீனை ஏற்றியிருந்தாள் ஃபெமினா. கட்டுவிரியன் விஷம் உடம்புக்குள் போனதும் எந்தப் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிறதோ, அந்தப் புரதத்தை உண்டாக்குகிற ஜீன் அது. அந்த அணுக்கள் மட்டும் நிலைத்துவிட்டால், எந்த மருந்து விஷத்தைத் தடுக்கும் என்பதைப் பாட்டிலுக்குள்ளேயே சோதித்துவிடலாம். வயலில் இறங்குகிற சனத்துக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இந்த ஊர்ப்பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஜீனை ஊற்றினால் எல்லா அணுவும் வாங்கிக்கொள்வதில்லை. கொஞ்சம் வாங்கும், மிச்சம் வாங்காது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிரித்து எடுப்பதற்குத்தான் பியூரோமைசின் என்கிற மருந்து. ஜீனோடு கூடவே, இந்த மருந்தை முறிக்கிற சக்தியையும் சேர்த்து அனுப்பியிருப்பார்கள். மருந்தை ஊற்றினால் ஜீன் ஏறிய அணு பிழைக்கும், ஏறாதது செத்துப்போகும். இரண்டாவது பாட்டிலில் ஜீனே கிடையாது. அது ஒப்பிட்டுப் பார்க்க வைப்பது, கண்ட்ரோல் என்பார்கள். அதில் எல்லாம் சாக வேண்டும். செத்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். ஜீன் பாட்டில் மூடியில் ஒரு கூட்டல் குறி, கண்ட்ரோல் மூடியில் ஒரு வட்டம். ஃபெமினாவின் அடையாளம் அவ்வளவுதான்.

அந்தக் கூட்டலும் வட்டமும்தான் இப்போது பஞ்சில் நீலமாய் ஒட்டியிருந்தன.

இரண்டு மூடியும் மொட்டையாய் இருந்தன. இருந்தாலும் தேவிப்ரியா பயப்படவில்லை. இடது பக்கம் வைத்தது கூட்டல், வலது பக்கம் வைத்தது வட்டம்; எடுக்கும்போதே பார்த்திருந்தாளே. மார்க்கரை எடுக்கப் போன நேரத்தில், "தேவி, இந்த வாழக்கன்ன ஒரு கை புடி" என்று அட்டெண்டர் ரெங்கராஜ் வாசலிலிருந்து கத்தினார். பாட்டில்கள் வெளியே குளிரக்கூடாது என்று அவசரமாய் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு ஓடினாள். வாழைக்கன்று கட்டி, தோரணம் கட்டி, திரும்பி வந்து கதவைத் திறந்தபோது பாட்டில்கள் முன்னும் பின்னுமாக நின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்தோமா, ஒன்றன்பின் ஒன்றாக வைத்தோமா? முன்னால் நிற்பதுதான் இடது பக்கம் இருந்தது. ஆமாம், அதுதான். முன்னால் நின்றதில் கூட்டல் போட்டாள், பின்னால் நின்றதில் வட்டம் போட்டாள். போட்டு முடித்த பிறகுதான் சந்தேகம் வந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை இப்படித்தான் ஆரம்பமாகும் போலிருக்கிறது.

சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே போன் போட்டு, "இப்படி ஆயிப்போச்சுடி, எனக்கு உறுதியாத் தெரியல" என்று சொல்லியிருந்தால் காரியம் அரை மணியில் முடிந்திருக்கும். இரண்டையும் ஒன்று, இரண்டு என்று பெயர் மாற்றி மருந்தை ஊற்றிவிட்டு, எது பிழைக்கிறதோ அதுதான் ஜீன் பாட்டில் என்று எடுத்துக்கொண்டிருப்பாள் ஃபெமினா. ஆனால் அண்ணன் வந்திருக்கிற வீட்டில் போய் ஏன் கலவரம் பண்ண வேண்டும் என்று தேவிப்ரியா தனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாள். உண்மையான காரணம் வேறு. அவளுடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கிற பேச்சு அந்த மாதம்தான் நடந்துகொண்டிருந்தது. பாட்டில் குறியை அழித்தவள் என்று உதயசூரியன் காதுக்குப் போனால் நீட்டிப்பா நடக்கும்?

விஜயதசமியன்று காலையிலேயே ஃபெமினா வந்து இறங்கினாள். நல்ல நாளில் தொடங்கினால் விளங்கும் என்று அவளுக்குச் சொன்னது ரெங்கராஜ். அவள் மாதாவையும் கும்பிட்டுக்கொண்டு சரஸ்வதி பொரியையும் வாய் நிறையப் போட்டுக்கொண்டு, "இன்னைக்கி மருந்து ஊத்துறேன்டி" என்றாள்.

"ஃபெமி, ஒண்ணு சொல்லணும்…"

"என்னடி, கொழம்பு தீஞ்சுபோச்சா?" என்று சிரித்தாள் ஃபெமினா.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் தேவிப்ரியாவின் வாய் கட்டிக்கொண்டது. இது ஃபெமினாவுக்கு மூன்றாவது முறை. முதல் முறை பூஞ்சை பிடித்தது, இரண்டாவது முறை மின்வெட்டில் போனது. சென்னையிலிருந்து வாங்கிய ஜீனில் கடைசிச் சொட்டும் இந்தப் பாட்டிலுக்குள் போய்விட்டது. "இதுவும் ஆகலைன்னா தலைப்ப மாத்திருவோம்மா" என்று உதயசூரியன் சொல்லியாகிவிட்டது. தலைப்பை மாற்றினால் உதவித்தொகைக் காலம் முடிவதற்குள் முடிக்க முடியாது. முடிக்காவிட்டால் வீட்டில் மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் தெரிந்தவளிடம் போய், எந்தப் பாட்டில் எது என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அதுவும் குழப்பம்தானே, தப்பு என்று உறுதியாகத் தெரியாதே. சரியாகத்தான் எழுதியிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் எல்லாரும் முதலில் பூசணிக்காய் சின்னது என்றுதான் நினைக்கிறார்கள்.

ஃபெமினா இரண்டு பாட்டிலிலும் மருந்தை ஊற்றினாள். தேவிப்ரியா பக்கத்தில் நின்று பார்த்தாள்.

மறுநாள் விட்டு அடுத்த நாள், உதயசூரியன் அவளைப் புதுக்கோட்டைக்கு அனுப்பினார். இன்குபேட்டருக்குக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தருகிற ஏஜெண்டு போனை எடுப்பதில்லை. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். ஏஜெண்டைப் பார்த்துவிட்டுப் புதிய பேருந்து நிலையத்தில் கரும்புச்சாறு வாங்கிக் கையில் பிடித்திருந்தபோது வாட்ஸ்அப்பில் ஃபெமினாவின் குரல் வந்தது. காதில் வைத்தாள்.

"எல்லாம் போச்சுடி. கூட்டல் போட்ட பாட்டில்ல ஒண்ணுகூட ஒட்டிக்கிட்டு இல்ல, எல்லாம் செத்து மெதக்குது. கண்ட்ரோல்ல பாதி செத்துருக்கு, மிச்சம் தீவு தீவா நல்லா ஒக்காந்துருக்கு. கண்ட்ரோலுக்கு மருந்து சரியா ஊத்தலயோ என்னமோ, என் கையே வெளங்காத கையா இருக்கு. சாருகிட்டச் சொல்லிட்டேன். எல்லாத்தையும் ஹைப்போல கொட்டிட்டு ஊருக்குப் போறேன். நீ வாரப்ப நான் இருக்க மாட்டேன். சாவிய ரெங்கராஜண்ணங்கிட்ட குடுத்துட்டுப் போறேன்."

கரும்புச்சாறு கை தவறிக் கீழே விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. கூட்டல் போட்டதில் எல்லாம் செத்துவிட்டது. வட்டம் போட்டதில் தீவு தீவாகப் பிழைத்திருக்கிறது. வேறு யாருக்கும் இதில் அர்த்தம் தெரியாது. அவள் ஒருத்திக்குத் தெரியும். தீவு தீவாகப் பிழைத்து நிற்பதுதான் ஃபெமினாவின் மூன்று வருஷம். கண்ட்ரோல் என்று நினைத்து அதைத்தான் இப்போது ஹைப்போவில் கொட்டப் போகிறாள். ஹைப்போ என்பது பிளீச்சிங் தண்ணீர்; அது பட்டால் எந்த ஜீனாலும் காப்பாற்ற முடியாது.

ஃபெமினாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. செல் வளர்க்கும் அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது; வாசலில் உள்ள பெட்டியில் கிடக்கும். மறுபடி போட்டாள், மறுபடி போட்டாள். ரெங்கராஜுக்குப் போட்டாள், அவர் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது என்றது. டீக்கடைக்குப் போயிருப்பார்; அங்கே சிக்னல் கிடைக்காது, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இனி மிச்சம் ஒரு நம்பர்தான். உதயசூரியனுடையது. அவருக்குப் போட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். விரல் அந்தப் பெயரின் மேல் நின்றது. ஒப்பந்தம், அப்பாவின் கண் ஆபரேஷன், தம்பியின் காலேஜ் எல்லாம் வரிசையாய் வந்து நின்றன. ஒரு நிமிஷம்தான். ஆனால் அந்த ஒரு நிமிஷத்துக்காக அவள் பிற்பாடு பல நாள் தன்னையே காறித் துப்பிக்கொண்டாள். அழுத்தினாள். அவரும் எடுக்கவில்லை.

திருச்சி பஸ் ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறினாள்.

"எங்கிட்டும்மா போகணும்?"

"கீரனூருக்கு முன்னாடி, ரிசர்ச் சென்டர் ஸ்டாப்பிங்."

"இது நிக்காதும்மா. பாயிண்ட் டு பாயிண்ட். ஏறும்போதே கேக்க மாட்டீங்களா? அடுத்து டவுன் பஸ் வரும், அதுல வாங்க."

"அண்ணே, திருச்சி டிக்கெட்டே எடுத்துக்கிறேன். அங்கன மட்டும் ஒரு நிமிசம் நிறுத்துங்கண்ணே."

"எல்லாரும் இப்பிடித்தான் சொல்றாங்க. செக்கிங் வந்தா எனக்குத்தானே மெமோ."

"ஒரு உசிர் போகப்போவுதுண்ணே" என்றாள். சொன்ன பிறகு, அது பொய்யா உண்மையா என்று அவளுக்கே தெரியவில்லை. கண்டக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். கையிலெல்லாம் கரும்புச்சாறு வழிந்திருந்தது. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் டிரைவரிடம் போனார்.

பஸ் விரட்டிக்கொண்டுதான் போனது. ஆனால் அன்றைக்கு அந்த ரோடு நீண்டுகொண்டே போவதாகத் தேவிப்ரியாவுக்குத் தோன்றியது. கும்பலாகப் போன ஆடுகளுக்காக ஒருமுறை நின்றது. பால் வண்டி ஒன்று வழிவிடவில்லை. ஃபெமினா எப்படிக் கழிவு கொட்டுவாள் என்பது அவளுக்கு அத்துப்படி. முதலில் மேசையைத் துடைப்பாள், பிறகு பெரிய மக்கில் ஹைப்போ கலப்பாள், பிறகு பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஊற்றுவாள். செத்ததை முதலில் ஊற்றுவாளா, பிழைத்ததை முதலில் ஊற்றுவாளா? கூட்டல் பாட்டில்தான் முன்னால் இருக்கும். அதை முதலில் எடுக்கட்டும் முருகா, அதை முதலில் எடுக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். விராலிமலை முருகனுக்குச் சுருட்டு படைப்பதுண்டு. ஒரு கட்டுச் சுருட்டே கொண்டுவந்து வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள். நடுவில் விடாமல் போனும் போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் எடுக்கவில்லை.

பஸ் நின்றதும் குதித்து இறங்கினாள். தார் ரோட்டில் செருப்பு அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். உள்ளே நுழைந்து, கோட்டு மாட்டாமல், செருப்பை மாற்றாமல், இத்தனை வருஷம் ஒருநாளும் செய்யாத காரியமாய், வெறுங்காலோடு செல் வளர்க்கும் அறைக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

ஃபெமினா தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தாள். மக்கிலிருந்து ஹைப்போ வாடை மூக்கைப் பிடுங்கியது. கூட்டல் போட்ட பாட்டில் காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. இரண்டாவது பாட்டில் அவள் இடது கையில் இருந்தது. வலது கை மூடியின் மேல் இருந்தது.

"தொறக்காதடி!"

ஃபெமினா திடுக்கிட்டுத் திரும்பினாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. "என்னடி இது கோலம்? வெறுங்காலோட…"

"அது கண்ட்ரோல் இல்ல. அதுதான் ஒன் ஜீன் பாட்டிலு."

"என்ன ஒளறுற?"

"குறிய நான் அழிச்சுட்டேன். பூஜைக்குத் தொடைக்கையில ஸ்பிரிட் பட்டு ரெண்டும் போச்சு. நானாத்தான் திருப்பி எழுதுனேன். மாத்தி எழுதிட்டேன்னு நெனைக்கிறேன்." மூச்சு வாங்கியது. "ரெண்டுலயும் ஒரே மருந்துதானே ஊத்துன? ஒண்ணுல பூராவும் செத்துருச்சு, ஒண்ணுல செலது பொழச்சிருக்கு. நான் எழுதுன குறியப் படிக்கவா தெரியும் அந்த மருந்துக்கு?"

ஃபெமினா பாட்டிலைப் பார்த்தாள். மூடியில் இருந்த வட்டத்தைப் பார்த்தாள். தன்னுடைய வட்டம் என்று இத்தனை நாள் நம்பியிருந்தது. அவள் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான். அதைத் தேவிப்ரியா தன் கண்ணால் பார்த்தாள். அது ஒரு நொடி நின்றது. அதற்குப் பின்னால் வேறொன்று வந்தது.

"எப்ப?"

"ஆயுதபூஜைக்கு மொத நாளு."

"நான் மருந்து ஊத்துறப்ப பக்கத்துலதான நின்ன?"

தேவிப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நெனைக்கிறேன்னு சொல்றியே, உறுதியாத் தெரியுமா?"

"தெரியாது ஃபெமி."

ஃபெமினா பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், கைக்குழந்தையை வாங்குவதைப் போல. பிறகு சாதாரணமான குரலில், "தள்ளி நில்லு. கால் தூசியெல்லாம் உள்ள வருது" என்றாள்.

அதற்குமேல் செய்ய வேண்டியது ஒன்றுதான். பிழைத்திருப்பது நிஜமாகவே ஜீன் ஏறிய அணுவா, இல்லை மருந்து குறைவாகப் போனதால் தப்பித்த கண்ட்ரோலா? மருந்தைப் புதிதாக, சரியான அளவில் இன்னொரு தடவை ஊற்ற வேண்டும். ஜீன் இருந்தால் தாங்கும். இல்லாவிட்டால் இரண்டு நாளில் இந்தத் தீவுகளும் செத்து மிதக்கும். செத்தால் அழுவதற்கும் ஒன்றுமில்லை. அது எதற்கும் உதவாத பாட்டில் என்று அர்த்தம். ஃபெமினா மருந்தை அளந்து ஊற்றினாள். மூடியில் எந்தக் குறியும் போடவில்லை. ஒரே பாட்டிலுக்குக் குறி எதற்கு?

அந்த இரண்டு நாளும் ஃபெமினா ஊருக்குப் போகவில்லை. அறையில்தான் இருந்தாள், சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. காலையில் எழுந்து குளித்து, ஜெபமாலை சொல்லி, டிபனைக் கட்டிக்கொண்டு முன்னாலேயே கிளம்பிவிடுவாள். அந்த ஊமைத்தனம் கழுத்தில் கல்லைக் கட்டியதுபோல் கனத்தது.

"எதாவது பேசுடி. செருப்பால வேணாலும் அடி" என்று ஒருமுறை கேட்டே விட்டாள் தேவிப்ரியா.

"பாட்டில் சொல்லட்டும்" என்றாள் ஃபெமினா. பாயை உதறிப் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

முதல் நாள் பார்த்தபோது புதிதாகச் சில அணுக்கள் மிதந்தன. மிச்சமிருந்த ஜீன் ஏறாத அணுக்களாகவும் இருக்கலாம், எல்லாமே சாகத் தொடங்கியதன் அறிகுறியாகவும் இருக்கலாம். எதுவென்று ஃபெமினா முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. அவள் பாட்டிலை உள்ளே வைத்துவிட்டு, இன்குபேட்டர் கதவில் காய்ந்துபோயிருந்த திருநீற்றுப் பட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாம் நாள் காலை. ஃபெமினா பாட்டிலை மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்துக் குனிந்தாள். தேவிப்ரியா கதவோரம் நின்றாள். கிட்டே போகத் தைரியம் வரவில்லை. ஃபெமினா பாட்டிலைக் கொஞ்சம் நகர்த்தினாள், இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். தேவிப்ரியாவின் மனசுக்குள் மரிய அந்தோணி வாத்தியார் வந்தார், பார்த்து வைத்த மாப்பிள்ளை வந்தான், ஆவூர்க் கோயில் மணி அடித்தது. தன் ஒப்பந்தம் மட்டும் வரவில்லை. அது எப்போதோ அவள் மனசைவிட்டுப் போயிருந்தது.

"இருக்கு" என்றாள் ஃபெமினா.

"என்ன?"

"உசிரோட இருக்கு. முந்தாநாளுக்கு இன்னைக்கி ரெண்டு பங்காயிருக்கு. தீவெல்லாம் பெருசாயிருச்சு." கண்ணைத் துடைக்கக் கையுறை இடைஞ்சலாக இருந்ததால் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள். தேவிப்ரியா அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுகை நின்ற பிறகும் விக்கல் நிற்கவில்லை.

அன்றைக்கே இரண்டு பேரும் உதயசூரியன் அறைக்குப் போனார்கள். ஃபெமினா வாயைத் திறப்பதற்கு முன்னால் தேவிப்ரியா முந்திக்கொண்டாள். பூஜைக்குத் துடைத்தது, குறி அழிந்தது, தானாக எழுதியது, மறைத்தது, ஒன்று விடாமல் சொன்னாள். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று மூச்சுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு வெட்டுக்குக் கழுத்தை நீட்டினவள்போல நின்றாள்.

உதயசூரியன் நாற்காலியில் சாய்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, யாரும் எதிர்பார்க்காத மாதிரி, உரக்கச் சிரித்தார்.

"தொடைங்க தொடைங்கன்னு உசுர வாங்குனது நானு. அதுல பாதிப் பழி எனக்கு. செல்லு பொழச்சிருக்குல்ல? போங்க, போய் ஃப்ரீஸ் பண்ணி நாலு எடத்துல வைங்க. இனிமே பூஜைக்கு முன்னாடி எல்லாத்துலயும் ஸ்டிக்கர் ஒட்டணும்னு ஆர்டர் போட்டுர்றேன்." தேவிப்ரியாவைப் பார்த்தார். "ஒங்க எக்ஸ்டென்ஷன் பேப்பர் நேத்தே கையெழுத்தாயிருச்சும்மா. இத சாக்கு வச்சுக் கிழிக்கிற ஆளில்ல நான். அடுத்த தடவ அன்னைக்கே வந்து சொல்லுங்க, அவ்வளவுதான்."

இந்த மனுஷருக்கா இவ்வளவு நாள் பயந்து செத்தோம் என்று தேவிப்ரியாவுக்கு ஆத்திரமே வந்தது. அந்த ஆத்திரம் அவர் மேலா, தன் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. வெளியே வந்தபோது உடம்பு லேசாகிவிட்டிருந்தது. வராந்தாவில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த ஃபெமினாவை எட்டிப் பிடித்துக் கையைப் பற்றினாள்.

"ஃபெமி, மன்னிச்சுருடி. இன்னைக்கி ராத்திரி நான் பிரியாணி பண்றேன். நீ ஒரு வேல பாக்க வேணாம்."

ஃபெமினா கையை உதறவில்லை. மெதுவாக விடுவித்துக்கொண்டாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. கோபம் இருந்தால் கரைத்துவிடலாம் என்பது தேவிப்ரியாவுக்குத் தெரியும். மூன்று வருஷமாக எத்தனை கோபத்தைக் கரைத்திருக்கிறாள்.

"நீங்க ஓடி வரலன்னா என் செல்லு இல்ல. அதுக்கு ரொம்ப தேங்க்ஸ் தேவி. அத நான் மறக்க மாட்டேன்" என்றாள் ஃபெமினா. "ஆனா இனிமே என் தட்டுல நீங்க கை வைக்க வேணாம். நான் ஊருக்குப் போனா வேற யாரையாவது பாத்துக்கச் சொல்லிக்கிறேன்."



"சரிங்க" என்றாள் தேவிப்ரியா.